பஸ் போய்விடும், கடை அங்கேயே இருக்கும்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதம் ஒரு நாளில் முடியாது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கொஞ்சம், அஸர் தொழுதுவிட்டு வந்து கொஞ்சம் என்று எழுதுகிறேன். கை வலித்தால் பேனையை வைத்துவிட்டு, எழுதியதை முதலிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். தான் எழுதியதைத் தானே வாசிப்பதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்று உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அதை ஆறு வயதிலேயே பழகிக்கொண்டாய். எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்தலாம் என்று நினைத்தேன். வீட்டு விஷயம் என்பதால் காட்டவில்லை.

கத்தார் கம்பனி உன்னை எடுத்துக்கொண்டது என்று ஃபோனில் சொன்னாய். வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் ரத்தோட்டைக் கடையின் சாவியை மாதக் கடைசியில் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். “அந்தக் கடை ஓடாது வாப்பா, நான் யாவாரத்துக்குச் சரிவர மாட்டேன்” என்றும் சொன்னாய். நீ நேர்முகத்துக்கும் மெடிக்கலுக்கும் என்று கொழும்பில் தங்கியிருக்கும் இவ்வளவு நாளும் அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். அங்கே நான் பார்த்த சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு முடிவெடு என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கடையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாத்தளை ஸ்டாண்டில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறிச் சாமான் விற்றவன் என்பது உனக்குத் தெரியும். அதை எப்படிச் செய்தேன் என்று நீ கேட்டதில்லை.

தம்புள்ளைப் பஸ்ஸிலோ கண்டிப் பஸ்ஸிலோ ஏறினால் நான் முதலில் வாயைத் திறக்க மாட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் ஏறியவுடன் கத்துவார்கள். சனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். நான் முன்கதவால் ஏறிப் பின்சீட்டுவரை நடப்பேன். நடக்கும்போதே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனையோ சீப்போ வைத்துக்கொண்டு போவேன். “சும்மா பாருங்க, காசு கேக்கல்ல.” கை நீட்டாதவரின் மடியில் வைப்பேன். பிறகு திரும்பி நின்று சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பேசுவேன். அதற்குள் சாமான் அவர்கள் கையில் சூடேறியிருக்கும். பேனையை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார்கள். சீப்பின் பல்லை விரலால் தடவுவார்கள். கையில் இல்லாத ஒன்றை வேண்டாம் என்று சொல்வது லேசு. கையில் இருப்பதைத் திருப்பிக் கொடுப்பது அப்படியில்லை. தன் சாமானை யாரோ பிடுங்குவதுபோல் இருக்கும், அதுவும் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. விலையைக் கடைசியில்தான் சொல்வேன். காசு வாங்க முதலில் யாரிடம் போவது என்பதையும் பார்த்து வைத்திருப்பேன். மடியில் பிள்ளையோடு ஒரு தாய் இருந்தால் அவளிடம்தான். பிள்ளை பேனையை விடாது. அவள் வாங்கினால் பின்சீட்டுக்காரர் வாங்குவார், அவரைப் பார்த்து இன்னொருவர் வாங்குவார். முதல் ஆளாக வாங்குவதற்குத்தான் எல்லாருக்கும் தயக்கம். பாதிப் பேர் வாங்கிவிட்டால், வாங்காமல் இருப்பதற்குத் தயக்கம் வந்துவிடும்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ்ஸிலும் சில நாள் ஏறியிருக்கிறேன். நீ சட்டென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ தேட ஆரம்பித்துவிடுவாய். பக்கத்தில் உன் கூட்டாளிகள் இருப்பார்கள். நானும் உன் சீட்டைத் தாண்டிப் போய்விடுவேன். பஸ் முழுக்க ஆட்களின் கையில் சாமான் வைப்பேன், உன் கையில் மட்டும் வைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இருக்கவில்லை, உனக்கும் இருக்க வேண்டாம்.

பிறகு நீ கொழும்புக்கு மார்க்கெட்டிங் படிக்கப் போனாய். முதல் லீவுக்கு வந்த அன்று சாப்பிடும்போது நீதான் பேச்சை எடுத்தாய்.

“வாப்பா, நீங்க பஸ்ல செஞ்சீங்களே, சாமான முதல்ல கையில குடுக்கிறது. அதுக்குப் பேர் இருக்கு. எங்களுக்கு ஒரு பாடமே அதுதான்.”

“பேரா? என்னா பேரு?”

நீ ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாய். உன் உம்மா குசினிக்குள் இருந்தே, “எங்கட ஊர்ல அதுக்குப் பேரு தலையில கட்டுறது” என்றாள். நீ சிரித்ததில் உனக்குப் புரையேறியது. எனக்கு அன்று சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு பெருமை. எழுத்து வாசனை இல்லாமல் நான் வாயாலும் கையாலும் செய்துகொண்டிருந்ததைக் கொழும்பில் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று ஸ்டாண்டில் எத்தனையோ பேரிடம் சொன்னேன்.

அதனால் மனிதரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியில்லை என்று இரண்டு தடவை தெரியவந்தது. முதல் தடவை இந்த எழுத்தால் வந்தது. சின்ன வயதில் பள்ளிவாசலில் ஓதியதால் அரபு எழுத்து எனக்குப் பழக்கம். தமிழ் எழுத்துக்கு முன்னால் மட்டும் கண் தெரியாதவனாகவே இருந்தேன். நூலகத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கியபோது உன் உம்மாதான் பிடித்துத் தள்ளினாள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரின் மனைவி. எல்லாரையும்போல அவரும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். என்னை அவருக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. “நானா, எல்லாத்தையும் வாயால சமாளிக்கப் பாக்கிறியள். கதையை விட்டிட்டு எழுதுங்கோ” என்பார். எழுதினேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, எதிரில் இருந்த மருந்துக் கடையின் பலகை என்னிடம் தன் பெயரைச் சொன்னது. நான் றோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு த்ரீவீலர்காரன் ஏசிவிட்டுப் போனான். அன்று டவுன் முழுவதும் நடந்தேன். எல்லாச் சுவரும் எல்லாக் கதவும் பேசின.

அப்படி நடக்கும்போதுதான் பிளாஸ்டிக் சாமான் கடை ஒன்றில், “இன்று மட்டும் பாதி விலை” என்று எழுதியிருந்ததை வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தவுடன் நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்று மட்டும்! நான் இன்று இந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? நமக்குத் தேவையா என்று யோசிக்கவேயில்லை. ஆள் உட்காரக்கூடிய ஒரு பெரிய தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். “இதுல யாரு குளிக்கிற?” என்று உன் உம்மா கேட்டாள். இன்றைக்கு மட்டும்தான் அந்த விலை என்று விளக்கம் சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனால் அதே பலகை அங்கேயே இருக்கிறது. உள்ளே போய்க் கேட்டேன்.

“முதலாளி, இன்னைக்கி மட்டும்னு போட்டிருக்கீங்க. போன கிழமையும் இதே போர்டு இருந்திச்சே?”

அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. “ஒவ்வொரு நாளும் இன்னைக்கித்தானே நானா.”

இதையே அவர் வாயால் சொல்லியிருந்தால் என்னை அசைத்திருக்க முடியாது. குரல் எந்த இடத்தில் ஏறுகிறது, கண் எங்கே ஓடுகிறது என்று பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன். எத்தனை வருடம் நானே அப்படிப் பேசியவன். எழுத்துக்குக் குரலும் இல்லை, கண்ணும் இல்லை. எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். நீ எழுத்தோடு வளர்ந்தவன், உனக்கு அது பழகிவிட்டது. எனக்கு ஒவ்வொரு பலகையும் மௌலவி சொன்னதுபோல இருந்தது. ஆளுக்கு ஆள் மனத்தின் வாசல் வேறு வேறு பக்கத்தில் இருக்கிறது என்று அன்று விளங்கியது. இன்னொன்றும் கவனித்தேன். தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது. வந்த கோபம் அந்த முதலாளிமேல் வரவில்லை, ஏமாந்த என்மேல்தான் வந்தது. ஆனாலும் அந்தக் கடைப்பக்கம் பிறகு நான் போகவில்லை. அங்கே வாளி நல்லது, விலையும் நியாயம். இருந்தாலும் போகவில்லை. இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தொட்டிக்குள் விறகை அடுக்கிவிட்டு மறந்துவிட்டேன்.

இனி உன் கடைக்கு வருகிறேன். நீ சாவியைத் தந்துவிட்டுப் போன அன்று நான் என்ன நினைத்தேன் என்று உள்ளபடி எழுதுகிறேன். இவனுக்கு வாய் இல்லை, அதனால்தான் யாவாரம் இல்லை. நான் இரண்டு நாள் உட்கார்ந்தால் கடையைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். நீ மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் அழகாக பாக்கெட் போட்டு, ஒவ்வொன்றிலும் விலை ஒட்டி, அடுக்கில் வைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாய். ஆள் வந்தால் தலையை ஆட்டுவாய். போனால் தலையை ஆட்டுவாய். யாவாரி இப்படியா இருப்பான் என்று எனக்குப் பொறுக்காது.

முதல் சனிக்கிழமை ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போகும் வேன்கள் வந்தன. குளிருக்குச் சட்டை போட்ட கொழும்புப் பிள்ளைகள், குடும்பங்கள். நான் மேசைக்குப் பின்னால் இருக்கவில்லை. வாசலிலேயே நின்றேன். ஏலக்காயை நசுக்கி ஒவ்வொருவர் கையிலும் வைத்தேன். “மணந்து பாருங்க, காசு கேக்கல்ல.” பிறகு பாக்கெட்டைக் கையில் வைத்தேன். ஒரு தாத்தா வாங்கினார், அவரோடு வந்த எல்லாரும் வாங்கினார்கள். பின்னேரம் ஆகும்போது அடுக்கில் இருந்த ஏலமும் கறுவாவும் முடிந்துவிட்டன. வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம், “உன்ட மகன் படிச்சதுக்கு நான் வேல செஞ்சி காட்டினேன்” என்றேன். “நல்லம். மகன் வந்தா அவர் காட்டுவார்” என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போட்டிருந்ததால் மேலேயிருந்து பெண்கள் சாமான் வாங்க இறங்கி வந்திருந்தார்கள். உனக்குப் பாக்கியத்தைத் தெரியும்தானே, கொழுந்து எடுக்கிறவள், எப்போதும் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவாளே, அவள்தான். கடை வாசலில் தயங்கி நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டு, நேற்றுச் செய்த அதே வேலையைச் செய்தேன். உள்ளறையில் இருந்த ஏலத்தையும் கறுவாவையும் எடுத்து நாலு பேரின் கையிலும் வைத்தேன். பேசினேன். பாக்கியம் பாக்கெட்டைப் புரட்டி விலையைப் பார்த்தாள், கூட வந்தவர்களைப் பார்த்தாள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். நாலு பேரும் வாங்கினார்கள். அவர்கள் பேசாமல் போனதை நான் கவனித்தேன். கவனித்தும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவர்கள் மறுபடி இறங்கி வந்தார்கள். உன் கடை இருக்கும் பக்கம் வரவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கத்தால், குடையை இந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று மழையும் இல்லை, வெயிலும் அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. நாலு குடையும் என் பக்கம் சாய்ந்திருந்தன. பஸ்ஸில் என்றால் நான் இறங்கிவிடுவேன், பஸ்ஸும் போய்விடும். சாமான் வாங்கியவர் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடை எங்கும் போகாது. வாங்கியவர்களும் எங்கும் போக மாட்டார்கள். திரும்ப அதே றோட்டில்தான் வருவார்கள். இத்தனை வருடம் யாவாரம் செய்தவனுக்கு இது அன்றுதான் தெரிந்தது. நான் கடையைப் பூட்டாமலே றோட்டைக் கடந்து போனேன்.

“என்னா பாக்கியம், கடப் பக்கம் காணல்லியே?”

“வேற வேலையா வந்தோங்க நானா.”

“வெயில் அங்கிட்டு அடிக்குது, கொட இங்கிட்டு இருக்கு.”

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பாக்கியம் குடையை மடக்கினாள். “தப்பா எடுத்துக்காதீங்க நானா. ஒங்க கடையில கைய நீட்டுனா காசு போயிருது. அன்னைக்கு நான் மஞ்சத்தூளு வாங்கத்தான் வந்தேன். ஏலக்காயோட போனேன். எங்க வூட்டுக்காரரு பாக்கெட்ட பாத்துட்டு, யாருக்குடி கல்யாணம்னு கேக்குறாரு.”

“வேணாம்னு சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடிங்க சொல்றது? பெரிய மனுசன், கையில வச்சிட்டீங்க. திருப்பிக் குடுத்தா வாங்க வக்கில்லன்னு நெனைக்க மாட்டீங்களா? தம்பி இருந்தா அந்தத் தொல்லையே இல்ல. நாங்க பாட்டுக்கு வெலய பாப்போம், இருந்தா வாங்குவோம், இல்லாட்டி வந்துருவோம். அவரு ஒரு வார்த்த பேச மாட்டாரு. நல்ல புள்ள.”

இன்னொருத்தி, “அந்தக் கண்ணாடிக் கதவுதாங்க பயம். தள்ளி ஒடஞ்சிருச்சின்னா யாரு கட்டுறது?” என்றாள். “நீ தள்ளுற தள்ளுக்கு கதவு மட்டுமா ஒடயும், கடையே சாஞ்சிரும்” என்றாள் மற்றவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு மஞ்சள் தருகிறேன் என்றேன். அது கூடாது என்று பாக்கியம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். திருப்பிக் கொடுப்பது வாங்கியதைவிடப் பெரிய வெட்கமாம்.

மகன், நீ பாக்கெட்டுகளில் விலை ஒட்டியபோது, பெரிய கடைகளில் செய்வதைப் பார்த்துச் செய்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். கேட்டால் சொல்லக்கூடிய விலையை எதற்கு ஒட்ட வேண்டும் என்று உன்னோடு வாதாடியும் இருக்கிறேன். இப்போது விளங்குகிறது. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். இலக்கம் ஒட்டியிருந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தன் முடிச்சில் இருப்பதையும் பாக்கெட்டில் இருப்பதையும் மனதுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மானத்தோடு திரும்பிப் போகலாம். திரும்பிப் போக முடிகிற கடைக்குத்தான் அவர்கள் உள்ளே வருவார்கள். இதை நீ தெரிந்து செய்தாயா, உன் சுபாவத்தால் செய்தாயா என்று எனக்குத் தெரியாது. எப்படிச் செய்திருந்தாலும் சரியாகச் செய்திருக்கிறாய்.

அடுத்த நாளிலிருந்து நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கதவைத் திறந்து கயிற்றால் கட்டிவைத்தேன். தூசு வருகிறது, துடைக்கிறேன். பேசாமல் இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒரு ஆள் ஏலத்துக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு நாக்கு அரிக்கும், கை தானாக எழும்பும். கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே போனார்கள். முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன். பிறகு பத்திரிகை வாங்கி வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். யாவாரத்துக்காக நடிக்கவில்லை, எனக்கு ஒரு பக்கம் வாசிக்க அரை நாள் வேண்டும், உண்மையாகவே அதில் மூழ்கிப்போனேன். முதலாளி வாசிக்கும்போது சனம் சுதந்திரமாக நிற்கிறது என்று அப்போதுதான் கண்டேன். எடுத்துப் பார்க்கிறார்கள், மணக்கிறார்கள், வைக்கிறார்கள், தங்களுக்குள் பேசி முடிவெடுக்கிறார்கள். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் பாக்கியம் மஞ்சள் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. “படிச்சி முடிங்க நானா, அவசரமில்ல” என்றாள். காசைக் கொடுத்துவிட்டு, “தம்பி எப்ப வருவாரு?” என்று கேட்டாள்.

நீ சனி, ஞாயிறில் வரும் வேன்களை வைத்துத்தான் கடையை அளக்கிறாய். மழைக் காலத்தில் வேன் வராது, கடை செத்துவிட்டது என்று நினைக்கிறாய். தோட்டத்திலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிறவர்கள் வாங்குவது சின்னச் சின்னச் சாமான்தான், அதனால் அவர்கள் உன் கண்ணில் படவில்லை. அவர்கள் உன்னை நம்பி வருகிறார்கள். வேனில் வருகிறவர்களுக்கு என் வழி சரி, அவர்களும் பஸ் பயணிகள் மாதிரித்தான். ஆனாலும் அவர்களிடத்தில்கூட இப்போது எனக்கு முன்போல மனம் வரவில்லை. நசுக்கிய ஏலத்தை மணக்கக் கொடுக்கிறேன், பாக்கெட்டைக் கையில் வைப்பதில்லை. கேட்டால் கொடுக்கிறேன். யாவாரம் குறைந்துதான் இருக்கிறது.

நீ பிழையாகச் செய்தவற்றையும் எழுத வேண்டும். கண்ணாடிக் கதவைச் சொல்லிவிட்டேன். மற்றது உன் பலகை. அதில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கிறது. என் மகனின் கடைப் பெயரை வாசிக்க முடியாமல் நான் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். வாசிக்க முடியாத பலகையைப் பார்த்தவன், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்க மாட்டான். இது நமக்குரிய இடமில்லை என்று நினைத்துக்கொண்டு நடப்பான். இந்த வயதுவரை அப்படி நடந்தவன் சொல்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் எழுது. இதெல்லாம் செய்தாலும் கத்தார்காரன் தரும் சம்பளத்தை இந்தக் கடை தராது. அதை மறைத்து எழுதினால் நான் உனக்கும் தொட்டி விற்றவனாகிவிடுவேன்.

நீ ஃபோன் எடுத்து வேலை கிடைத்ததைச் சொன்ன அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் என்ன சொன்னேன்? “மாஷா அல்லாஹ். நல்ல வேல மகன், போறதுன்னா போ. உம்மாட முழங்கால் வலிதான் இப்ப கொஞ்சம் கூட. அதயெல்லாம் நீ யோசிக்காத.” உன் உம்மா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். “என்ட முழங்காலயும் வித்துட்டீங்களா? எனக்கு ஒண்டுமில்ல மகன். இவர் பஸ்ல ஏறிட்டார்.” நீ அந்தப் பக்கம் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி. நான் யோசித்து அதைச் சொல்லவில்லை. உன் குரல் எந்த இடத்தில் தளர்ந்தது என்று என் காது கேட்டது, அந்த இடத்தில் வாய் தானாகப் போய் முழங்காலை வைத்தது. “யோசிக்காதே” என்று சொன்னால் ஒருவன் எதை யோசிப்பான் என்று எனக்குத் தெரியாதா?

அதனால்தான் இதை ஃபோனில் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதும்போது உன் முகம் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. ஒரு சொல்லை எழுத இவ்வளவு நேரம் எடுப்பதால், அந்தச் சொல் எதற்காக வருகிறது என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. சில இடங்களில் வெட்டியிருப்பதைப் பார்ப்பாய். அங்கே என்ன இருந்தது என்று கேட்காதே; சொன்னால் வெட்டியதில் பயனில்லை. பாக்கியம் உன்னைக் கேட்டதையும் வெட்டலாமா என்று யோசித்தேன். அது நடந்த விஷயம் என்பதால் விட்டிருக்கிறேன். உன் உம்மாவின் முழங்கால் முன்பு இருந்ததுபோலத்தான் இருக்கிறது. நடக்கிறாள், ஏசுகிறாள்.

நீ இங்கே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நீ போக வேண்டும் என்று நினைத்தால் அது பிழை என்று சொல்ல என்னிடம் எந்த நியாயமும் இல்லை. நீ யாவாரத்துக்குச் சரிவர மாட்டாய் என்ற காரணத்துக்காக மட்டும் போகாதே, அது உண்மையில்லை. வேறு எந்தக் காரணத்துக்காகவும் போகலாம். சாவியை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுக்குகளை இறக்கவும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள் என்றாய். முதலில் அவர்களிடம் சொல்லிவிடு. அதற்குப் பிறகு எங்களிடம் சொல். அதற்கு முன்னால் என்னிடம் சொல்லாதே மகன், நான் பேச ஆரம்பித்துவிடுவேன்.

வாப்பா